டிரைவர் பக்கக் கதவு

சுவிசேஷமுத்து அண்ணாச்சி என்னைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டது ஒரு தாளில் கையெழுத்து வாங்க. நான் போனது போடமாட்டேன் என்று அவர் மூஞ்சிக்கு நேரே சொல்ல. என் வீட்டுக்காரர் மாரிசெல்வம் பதினொரு வருசம் அவருடைய கல் லாரியை ஓட்டியவர். கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலம், ராதாபுரத்துக்குப் பக்கத்தில் கரை சரிந்து, லாரியோடு குளத்துக்குள் போய்விட்டார். குடித்துவிட்டு ஓட்டினான் என்று அண்ணாச்சி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். இடது கதவு கரைச் சேற்றில் புதைந்துவிட்டது, சரி. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நாலு கை நீச்சலில் கரை வந்துவிடும், நிதானத்தில் இருந்தவன் திறந்து வந்திருக்க மாட்டானா என்பது அவர் கேள்வி. கிரேன் வண்டியைத் தூக்கியதில் அந்தக் கதவே பிய்ந்துபோனது, அது எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்றரை நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு என்பதால் டாக்டர் ரிப்போர்ட்டிலும் தெளிவாக ஒன்றும் இல்லை.

கல்யாணமான நாள் முதல் அவரிடம் நான் சாராய வாடையே கண்டதில்லை. ஆனாலும் திசையன்விளை முழுக்க அவர் குடிகாரன். நான் முருங்கைக்காய் கமிஷன் கடையில் கட்டுப் போடுகிறவள். காய் எடுக்க வந்த வியாபாரி ஒருவன் என் முகத்தைப் பார்த்தே, பாவம், குடியால் போய்விட்டான் என்றான். அவன் கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக் கீழே போட்டேன். முதலாளி திட்டினார், வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பேச்சு அழிய வேண்டும். அண்ணாச்சி தாளில் எழுதியிருந்ததோ, வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன் என்பது.

மாசி மாதம் அது. ஆபீசில் ஏ.சி. ஓடியது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒன்றரை முழ நீளத்தில் ஒரு லாரி. அதே லாரி. பம்பரின் நசுங்கல், டீசல் டேங்கில் துரு, பின்பலகையில் உரிந்த பெயிண்ட், டயர் இடுக்கில் செம்மண், ஒன்றும் பாக்கியில்லை. என் புருசனை வாரிக்கொண்டு போன வண்டியைப் பொம்மையாக்கி அழகு பார்க்கிறார் மனுசன்.

நான் பார்ப்பதைப் பார்த்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அது அவர் வாங்கிய முதல் வண்டியாம், ராசியான வண்டியாம். டவுணில் பெருமாள்ராஜ் என்று ஒருவன் இருக்கிறானாம், காரும் லாரியுமாகச் சின்ன அளவில் செய்வதே அவன் கிறுக்காம். குளத்தில் விழுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் வந்து நாள் முழுக்க அளவெடுத்து, இண்டு இடுக்கு விடாமல் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். புதுசு மாதிரி செய்து கொடு என்று இவர் கேட்டதற்கு, இருப்பதைத்தான் செய்வேன், இஷ்டமில்லை என்றால் வேறு ஆளைப் பாரும் என்றானாம். உண்மையான வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது, இதாவது மிஞ்சியதே என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, லைட்டைப் பார் என்று சுவிட்சைத் தட்டினார்.

முகப்பு விளக்கு எரிந்தது. கேபினுக்குள்ளும் ஒரு சின்ன விளக்கு. நான் குனிந்து பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியிலிருந்து சீட்டின் இரும்புக் காலுக்கு மஞ்சளாக ஒரு துணி இழுத்துக் கட்டியிருந்தது. நூல் தடிமன்கூட இல்லை. ஆனால் அது என் சேலைக் கரை.

அந்தக் கதவு ஆடி மாதமே கெட்டுப்போனது. வளைவில் திரும்பினால் தானாகத் திறந்துகொள்ளும், கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்காது. பூட்டை மாற்றித் தரச் சொல்லி என் வீட்டுக்காரர் அண்ணாச்சியிடம் மூன்று தடவை கேட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு ஓட்டு என்று பதில் வந்தது. ஒருநாள் லாரியை எங்கள் தெருமுனையில் நிறுத்தியிருந்தபோது நான்தான் ஏறி, பழைய சேலையின் கரையைக் கிழித்து, கதவைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். முருங்கைக்காய்க் கட்டுப் போடுகிற முடிச்சு. லோடு கேரளா போய்ச் சேர்ந்தாலும் இளகாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இனி விழமாட்டீக என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே இடது பக்கமாக ஏறிப்போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். பூட்டு மாற்றியாகிவிட்டது, துணியை அப்போதே எடுத்துவிட்டேன் என்றார். நான் நம்பினேன். குளத்தில் விழுந்தபோது கதவு சரியாக இருந்தது என்றுதான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கவலைப்படக் கூடாது என்று சொன்ன பொய் என்பது அந்தப் பெட்டி முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

அண்ணாச்சிக்கு அது கண்ணிலேயே படவில்லை. பதினொரு வருசத்தில் ஒருநாள் அந்தக் கேபினுக்குள் தலையை விட்டிருந்தால்தானே படும். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பெருமாள்ராஜின் விலாசத்தையும் போன் நம்பரையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கையெழுத்தை யோசித்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் முகம் கறுத்தது.

மறுநாள் பஸ் பிடித்து டவுணுக்குப் போனேன். கீழ ரதவீதியை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரே அறை. பெருமாள்ராஜுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். பகலில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவன், அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. மேசை முழுக்கப் பிளாஸ்டிக் தகடும், பசையும், பட்டாணி அளவு நட்டும், பாதி செய்த டேங்கர் லாரியும். நான் உள்ளே கால் வைத்ததுமே எதையும் தொடாதீங்க என்றான். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கேட்டு வருகிற கூட்டம் தாங்க முடியவில்லை, நான் பொம்மைக் கடை வைக்கவில்லை என்றும் சொன்னான். உட்காரச் சொல்லவில்லை.

நான் யார் என்று சொன்னேன். லாரியில் எடுத்த படம் வேண்டும் என்றேன். முடியாது என்றான். அண்ணாச்சி இன்னும் இரண்டு வண்டி செய்யச் சொல்லியிருக்கிறார், போலீஸ் வம்பு வழக்கில் எல்லாம் தன்னை இழுக்க வேண்டாம், இறந்தவருக்காக வருத்தப்படுகிறேன் என்று ஒப்புக்கு ஒரு வரி. கெஞ்சினால் இவன் மசியமாட்டான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பொருளைக் குறை சொன்னால் எந்த வியாபாரியும் பொறுக்கமாட்டான், இவன் அதைவிட ரோசக்காரனாகத் தெரிந்தான்.

நீர் செய்த லாரியில் ஒரு தப்பு இருக்கிறது என்றேன். கையில் இருந்ததைக் கீழே வைத்தான். எங்கே என்றான். கதவில் கட்டிய துணியின் முடிச்சு தப்பு, அது சும்மா ரெண்டு சுற்றுப் போட்ட முடிச்சு, நிசத்தில் அது அப்படி இல்லை என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஒரு முடிச்சுக்காக மூன்று நாள் செலவழித்திருக்கிறேன், கிட்டப் போகாத உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்திக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தான். படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தினான்.

கேபின் முழுசாகத் தெரிந்தது. சீட்டில் அவர் துண்டு கிடந்தது. கைப்பிடியில் என் முடிச்சு, நான் போட்டபடியே, சேலைக் கரையில் நாலு மாத அழுக்கோடு. படத்துக்குக் கீழே தேதியும் இருந்தது, விபத்துக்கு ஆறு நாள் முன்னால்.

அவன் படத்தைப் பெரிசாக்கினான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். ஆமாம், இது வேற முடிச்சுதான், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்தான். பிறகு கைவேலைக்காரன் புத்தியில், என் மனசு தெரியாமல் சொன்னான்.

"யக்கா, இதை யாரு போட்டாங்களோ, உள்ள இருக்க ஆளு இந்தப் பக்கமா இறங்கவே கூடாதுன்னு போட்ட மாதிரில்லா இருக்கு."

"நான்தான் போட்டேன்," என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன். உட்காரச் சொல்லாத அவன் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அவன் அந்தப் படத்தையும் இன்னும் நாலைந்தையும் என் போனுக்கு அனுப்பினான். தண்ணீர் கொண்டுவந்தான். குடிக்கவில்லை. இனிமேல் இங்கே வராதீங்க என்றான், ஆனால் முன்பிருந்த குரல் இல்லை. நானும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. என் புருசன் கடைசியாக மல்லுக்கட்டின முடிச்சை அழகுக்காகச் செய்து வைத்தவனுக்கு எதற்கு நன்றி.

மூன்று நாள் சும்மா இருந்தேன். படத்தை யாருக்கும் காட்டவில்லை. கடையில் கட்டுப் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தண்ணீர் ஏறும்போது அவர் அந்தத் துணியை எத்தனை தரம் இழுத்திருப்பார் என்றுதான் யோசனை போயிற்று. என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது.

நாலாம் நாள் அண்ணாச்சி காரில் கடைக்கே வந்தார். டவுண்காரன் பயந்து போன் போட்டிருக்கிறான். காய்க் குவியல்களுக்கு நடுவில், நாலு பேர் கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பெட்டியிலிருந்த லாரியின் கதவை அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டாராம், அவன் முடியாது என்றதும் பெட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைச் சுட்டது.

"இசக்கி, நல்லா யோசிச்சுக்கோ. அந்தப் படத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனா போலீஸ்காரன் முதல்ல என்ன கேப்பான்? துணிய யாரு கட்டுனான்னு கேப்பான். குடிச்சுச் செத்தான்னா அந்தப் பேச்சு அவனோட போவும். பொண்டாட்டி கட்டிப்போட்டுக் கொன்னான்னா நீ சாகுத மட்டும் போவாது. எனக்கு ஒண்ணுமில்ல, ஒனக்காவத்தான் சொல்லுதேன்."

உமக்கு ஒன்றுமில்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தீர் என்று கேட்டேன். நாயே என்றார். கையிலிருந்த கட்டை அவர் காலடியில் எறிந்தேன். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நடக்கும். என் மாமியார் வீட்டில் என்னை வாசலில் ஏற்றமாட்டார்கள். ஊர் இரண்டு நாள் இரக்கப்பட்டுவிட்டு, பிறகு வாயைத் திறக்கும்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. படத்தையும் தேதியையும் இரண்டு தடவை பார்த்தார், கதவு பழுதான கதையை முழுக்கக் கேட்டார், இது போதும், வழக்கை மாற்றி எழுதலாம் என்று ரைட்டரைக் கூப்பிட்டார். ரைட்டர் எழுதிக்கொண்டே வந்தவர், துணியைக் கட்டியது யார் என்று கேட்டார்.

அவரே கட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். மறுத்துப் பேச அவர் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் குடிகாரன் என்ற பேர் போய், தன் கதவைத் தானே கட்டிக்கொண்டு செத்த மடையன் என்ற பேர் வரும். தப்பு மறுபடியும் அவர் தலையில்தான் விழும்.

நான்தான் கட்டினேன், அவிழ்க்க முடியாத மாதிரி கட்டினேன் என்றேன். ரைட்டரின் கை நின்றுவிட்டது. இதை எழுதிவிட்டால் பின்னால் அடிக்க முடியாது, தெரிந்துதான் சொல்கிறாயா என்று கேட்டார். இன்ஸ்பெக்டரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க சார். கட்டுனது நான். அவுக குடிக்கல, முழு நிதானத்தோடதான் செத்தாக."