புளி போட்டுத் தேய்த்த கத்தி

என் கத்திகளை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். என் வீட்டுக்காரர் மணிவேல் ஒருமுறை என் சூரிக் கத்தியை எடுத்து ரேஷன் சாக்கின் தையலைப் பிரித்துவிட்டார். அன்று அவருக்குச் சோறு மட்டும் போட்டேன், குழம்பு ஊற்றவில்லை. அதிலிருந்து சாக்கைப் பல்லால்தான் கடித்துப் பிரிக்கிறார்.

என்னிடம் இருப்பது இரண்டே கத்தி. எலும்புக்குக் கனமான வெட்டுக்கத்தி. மூட்டைக் கழற்றவும் சதையைப் பிரிக்கவும் ஒல்லியான சூரி. இரண்டும் போளூரில் ஒரு கொல்லர் லாரி வில்பட்டையைக் காய்ச்சி அடித்தவை. வாங்கப் போன அன்று அவர் எடுத்துப் போட்டதையெல்லாம் விரலால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்று சத்தம் வந்ததை மட்டும் கையில் எடுத்தேன். கத்தி வாயை வெயிலுக்கு நேரே பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தேன். பிடிக்குள்ளே இரும்பு கடைசிவரை போகிறதா என்று கேட்டேன். வெட்டுக்கத்திக்குக் கனம் முன்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் நாம் கையை ஓங்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

"கத்தி வாங்க வந்தியாம்மா, மாப்புள பாக்க வந்தியா?" என்றார் கொல்லர்.

"மாப்புளய இவ்ளோ பாக்காம வுட்டுட்டேன்ணா. கத்தியயாவது பாத்து வாங்கறேன்" என்றேன். பக்கத்தில் நின்ற மணிவேல் சாலையில் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்தார்.

வேலை முடிந்ததும் வெந்நீரும் சாம்பலும் போட்டுக் கொழுப்புப் போகக் கழுவுவேன். அடுப்போரம் ஈரம் இல்லாமல் காயவைத்து, நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, துணி சுற்றி மேலே செருகி வைப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்ததில் இரண்டும் நாவல்பழம் மாதிரி கறுத்துப்போயிருந்தன. அந்தக் கறுப்பு மேலே இருக்கிறவரை துரு கிட்டே வராது.

மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் எங்கள் பங்காளி வீடுகளெல்லாம் சேர்ந்து ஆடு வெட்டுவோம். கறி வெட்டிக் கூறு போடுவது எங்கள் வாசலில். வெட்டுகிற வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் கூறு எடுக்க வேண்டும். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் அவர்களுக்கு. ஆகவே கூறில் யாரும் வாலாட்ட முடியாது. எங்கள் வீட்டை நம்பி விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருமை.

போன வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மணிவேல் என் கத்தியைத் தொடப் பயந்து, எவரிடமோ மொக்கைக் கத்தியை வாங்கி எலும்பைக் கொத்து கொத்தென்று கொத்தியிருக்கிறார். ராஜவேலு மாமாவின் பேத்தி ஈறில் எலும்புச் சில்லு குத்திவிட்டது. ராஜவேலு மாமா என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். பங்காளிகளில் மூத்தவர், போளூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். இந்த வருடம் திருவிழாவுக்கு வந்து இறங்கியதும் அவர் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"இந்த வாட்டியும் சில்லு வந்துச்சின்னா, அடுத்த வருசத்துலேர்ந்து போளூர் கடையிலயே வெட்டி, ஐஸ் பொட்டியில எடுத்தாந்துடலாம் கன்னியம்மா. யாருக்கும் கஷ்டம் இல்ல பாரு."

எனக்குச் சுரீரென்றது. "நாளைக்கு வாசலுக்கு வந்து ஒக்காந்து பாருங்க மாமா. அப்பறம் பேசுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் ஆடு உரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கறி வெட்டும் புளியங்கட்டையைக் கழுவி வாசலில் போட்டாயிற்று. கத்தியை எடுத்துத் துணியைப் பிரித்தால், கறுப்பைக் காணோம். இரும்பு வெள்ளையாக உரிந்து, அதன்மேல் செம்மண் பூசினாற்போல் துரு. சூரியின் வாயில் விரலை வைத்தேன். பல்லுப் பல்லாகச் சொரசொரத்தது.

"யாருடி தொட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தன.

என் ஓரகத்தி ஜெயசுதா உள்ளேயிருந்து வந்தாள். கொழுந்தன் மோகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த கலசப்பாக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன், அடுப்பு உன்னுடையது, அம்மி உன்னுடையது, கத்தி மட்டும் என்னுடையது என்று.

"நான்தாங்க்கா. வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்களே, கறுப்பா கீதேன்னு நேத்து சாயந்தரம் புளி போட்டுத் தேச்சேன். எண்ணெ தொடைக்கணும்னு எனக்குத் தெரியாது."

வீடு முழுக்கப் புதுப்புளி குவிந்து கிடக்கிறது. குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி என் கத்தியைத் தேய்த்திருக்கிறாள்! ராஜவேலு மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. அழுகை வந்தது, ஆனால் அவர் எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு தீட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தேன். வெட்டுக்கத்தி தடித்த இரும்பு, கொஞ்ச நேரத்தில் வழிக்கு வந்துவிட்டது. சூரி வரவில்லை. ஒரு துண்டுச் சதையில் இழுத்துப் பார்த்தேன். அறுக்காமல் பிய்த்தது. சூரி இல்லையென்றால் தொடையையும் முன்கால் சப்பையையும் வெட்டுக்கத்தியால்தான் கொத்த வேண்டும். கொத்தினால் சில்லு. அவ்வளவுதான், எங்கள் வாசல் போளூருக்குப் போய்விடும்.

ஜெயசுதா உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். துணிப்பை ஒன்றோடு திரும்பி வந்து, அதிலிருந்து ஒடுக்கமான வெள்ளைக் கத்தி ஒன்றை எடுத்தாள்.

"இது இன்னா?"

"எங்கப்பா கறிக்கடை கத்திக்கா. கடையில எல்லாமே எவர்சில்வர்தான். புளி போட்டாலும் ஒண்ணும் ஆவாது. அந்த நெனப்புலதான் உங்குளுதயும் தேச்சிட்டேன்."

"உங்கப்பாக்குக் கறிக்கடையா? வந்து இத்தினி மாசமா வாயத் தொறக்கலியே!"

"கத்தியப் பத்திப் பேச்சே எடுக்காதன்னு சொன்ன மாதிரி இருந்துச்சிக்கா."

அது சரிதான். அவள் கத்தியை வாங்கிச் சுண்டினேன். சுமாரான சத்தம். வாயைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை பட்ட மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சரிவு, ஒரு பிசிறு இல்லை.

"தொடைய எடு, பாக்கலாம்" என்றேன்.

அவள் ஓங்கவே இல்லை. கத்தி முனையை மூட்டோரம் வைத்து, இடது கையால் காலை லேசாக மடக்கினாள். முனை உள்ளே போன இடம் எனக்குத் தெரிவதற்குள் மூட்டு கழன்று கையோடு வந்துவிட்டது. எலும்பு முழுசாக, வழுவழுவென்று இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே, எங்கள் வாசலில் இப்படி ஒரு கை இருக்கிறதே என்று நெஞ்சு விம்மியது. அந்த நேரத்தில் எது அதிகம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்புறம் இரண்டு பேரும் கட்டைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். மூட்டெல்லாம் அவளுக்கு, விலாவும் முதுகெலும்பும் எனக்கு. ஒரே போடு, ஒரே துண்டு, இரண்டாவது தடவை ஓங்கக் கூடாது. அவள் பிரித்துத் தள்ளத் தள்ள நான் போட்டேன். நடுவில் அவள் கத்தி கொழுப்பில் வழுக்கியபோது என் வெந்நீர்ச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். தேக்கிலையில் கூறுகள் வரிசையாக ஏறின.

ராஜவேலு மாமா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். சும்மா பார்க்கவில்லை மனிதர், ஒவ்வொரு கூறிலும் விரலை விட்டுத் துழாவினார். கட்டையைத் தடவினார். கடைசியில் ஒரு தொடையெலும்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பங்காளிகள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஐஸ் பொட்டி வாணாம்பா" என்றார். கூட்டம் சிரித்தது. "ஏம்மா கன்னியம்மா, வைகாசியில பேத்திக்குக் காது குத்தறோம். போளூருக்கு வந்து நீயே வெட்டிக் குடுத்துடேன். கடைக்காரன் எவனும் இப்படி எடுக்க மாட்டான்."

தலையாட்டினால் போதும், அத்தனை பெயரும் எனக்குத்தான். ஜெயசுதா குனிந்து தன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

"நான் ஒருத்தி வந்தா இப்படி வராது மாமா" என்றேன், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி. "உங்க கையில கீதே எலும்பு, அத எடுத்தது எங்க சுதா. கூப்புடறதுன்னா அவளுக்கும் வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடுங்க."