வெள்ளிக்கிழமைக் கோழி

சனத்தின் வயிறெரிந்தால் மந்திரிமாருக்கு உடனே மேளம்தான் நினைவுக்கு வரும். கொழும்பில் கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் பொலிஸிடம் பிடிபட்ட ஆண்களைச் சனிக்கிழமை தெற்கிலுள்ள முகாமுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று கதை வந்தது. அங்கே போனால் பிறகு முகம் காண்பதே சந்தேகம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்களெல்லாரும் பொலிஸ் வாசலை மறித்து நிற்பதென்று பேர்ணடெற் ஏற்பாடு செய்தாள். அவள் புருஷன் ஒஸ்வால்ட்டும் உள்ளேதான் இருந்தான்.

சங்கதி மந்திரியின் காதுக்கு எட்டியது. அதே வெள்ளி, அதே நேரம், மைதானத்தில் ஆட்டமும் பாட்டுமாகப் பைலாக் கச்சேரி. வருகிறவர்களுக்கெல்லாம் கோழிப் புரியாணிப் பார்சல், மேலே மந்திரியின் சிரித்த முகம் ஒட்டியபடி.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது பேர்ணடெற் தனிமரம். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. விறுவிறென்று மைதானத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டு றோஸி அங்கே மடியில் பார்சலோடு இருந்தாள். அவளுடைய தம்பியும் பிடிபட்டவன்தான்.

"வெக்கமா இல்லையாடி உனக்கு?"

"பிள்ளையள் காலமையில இருந்து ஒண்டும் தின்னேல்லை அக்கா. வாங்கின பிறகுதான் யோசிச்சன், இண்டைக்கு ஒருசந்தியெல்லோ."

தபசுகாலத்து வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதுகூடத் தெரியாமல்தான் அந்த மனிதன் இத்தனை வருஷம் இவர்களிடம் வோட்டு வாங்கியிருக்கிறான்! பேர்ணடெற் சுற்றிப் பார்த்தாள். எல்லார் மடியிலும் பிரிக்காத பார்சல்.

"நாளைக்கு அவங்களை ஏத்தின பிறகு ஒப்பாரி வைக்கப்போறியளோ? எழும்புங்கோடி!"

முதலில் றோஸி எழும்பினாள். பிறகு மற்றவர்களும் பார்சலும் கையுமாக எழும்பினார்கள்.

பொலிஸ் வாசலில் நின்ற காவல்காரன் பார்சல்களில் மந்திரியின் முகத்தைக் கண்டான். ஐயா சாப்பாடு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக் கேற்றைத் திறந்துவிட்டான். பெண்கள் நேரே ஆண்களை அடைத்திருந்த மறியல் கூட்டுக்கு ஓடினார்கள். கூடு வெறுமையாகத் திறந்து கிடந்தது.

"தென் கியா," என்று சிங்களத்தில் சொன்னார் மேசையிலிருந்த சார்ஜன்ட். இப்போதுதான் போனார்களாம், பஸ்ஸில்.

"ஐயோ, பாட்டுச் சத்தத்தில பஸ் போனது கேக்கேல்லையே!" றோஸி நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

பேர்ணடெற் அழவில்லை. அழுதால் அதுவும் இவர்களுக்கு ஒரு கச்சேரி. றோஸியின் பார்சலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உங்கட மந்திரியிட்டைக் குடுங்கோ. வெள்ளிக்கிழமையில நாங்கள் இறைச்சி தின்னிறேல்லை. அவருக்குத்தான் நாளுமில்லை, கிழமையுமில்லை."

மற்றப் பெண்களும் வந்து தங்கள் பார்சலை ஒவ்வொன்றாக வைத்தார்கள். மேசை நிறைய மந்திரி சிரித்துக்கொண்டிருந்தார்.