தடைக்காலத்துக் கீரை

குளச்சல் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிரிஜா நர்ஸாக இருந்தாள். ஜூலை மாதத்தில் ஒருநாள் விக்டோரியாவின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது.

விக்டோரியா மீன் விற்பவள். இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக்கென்று கேட்கும். அதில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் சோதனையில் மூன்றையொட்டி நிற்க வேண்டும்; இப்போது ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. வால்வில் ரத்தம் கட்டிவிடலாம்.

"மாத்திரை விட்டுப்போச்சா அக்கா?"

"நீயும் இதையே கேக்கியா? ஒரு நாளு விட்டதில்ல மக்கா."

புருஷன் ஏசுஅடிமையும் தலையாட்டினார். "நான்தான் எடுத்துக் குடுக்கேன். மீன்பிடித் தடைக்காலம்லா, போட்டு கரையில கெடக்கு. எனக்கு வேற என்ன சோலி?"

"போன வருஷமும் இதே கததான்," என்றாள் விக்டோரியா. "எண்ணு கொறஞ்சுன்னு மாத்திரையக் கூட்டினாவ. கடலு தொறந்த பொறவு மூக்குல ரத்தம் நிக்கல்ல. இங்கதான் கொண்டாந்து கெடத்தினாவ."

கடல் திறந்த பிறகு. அந்த வார்த்தையில் பிரிஜாவின் மனசு நின்றது. மீன்பிடித் தடைக்கும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு?

"தடைக்காலத்துல என்ன கறி வைப்பீங்க?"

"மீனு ஏது இப்பம்? ஐஸ் மீனு எனக்கு எறங்காது. வீட்டு முருங்கையில கீரை பறிச்சு ஒருநாளு தேங்கா போட்டுத் தொவரன், ஒருநாளு கொழம்பு. சத்துல்லா?"

முடிச்சு அவிழ்ந்ததில் பிரிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரையிலுள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும். கீரை தின்னும்போது கூட்டிய மாத்திரை, கீரை நின்ற பிறகும் அப்படியே தொடர்ந்தால் ரத்தம் உறையாமல் ஓடும்.

டாக்டர் நந்தனாவிடம் ஓடிச் சொன்னாள்.

"கீரையை நிறுத்தச் சொல்லிட்டியா?"

"இல்ல மேடம். உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு."

"நல்லதாப் போச்சு. மாத்திரையைக் கூட்டி, கீரையையும் ஒரேயடியா நிறுத்தினா மறுபடி மூக்குல ரத்தம்தான்."

அன்றைக்கு வால்வில் ரத்தம் கட்டாமலிருக்கக் காவலாக ஓர் ஊசி போட்டார்கள். டாக்டர் மாத்திரை அளவைச் சரிசெய்து, வாராவாரம் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

"அப்பம் முருங்கைய வெட்டிரட்டா?" என்று கேட்டார் ஏசுஅடிமை.

"வேண்டாம் அண்ணே. அக்கா தின்னட்டும். ஆனா வருஷம் முழுக்கக் கொஞ்சமா, ஒரே அளவுல. கூட்டுனாலும் கொறச்சாலும் எங்ககிட்ட சொல்லுங்க."

ஆகஸ்டில் போட்டுகள் கடலுக்குப் போயின. விக்டோரியா சாளை மீனோடு கொஞ்சம் கீரையும் தின்றாள். எண் மூன்றுக்குப் பக்கத்திலேயே நின்றது; மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

அதே மாத்திரை தின்னும் ஆன்ட்ரூஸ் ஒருநாள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "சிஸ்டர், முட்டுவலிக்கு இந்த லேகியம் தின்னுகேன். ஒண்ணும் செய்யாதுல்லா?"

பிரிஜா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இதுல என்னெல்லாம் சேர்த்திருக்கு அண்ணே?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.