தோளை விட்டு இறங்காத பொன்னாடை

செவிலிமேடு பயிற்சிப் பட்டறையின் செயலாளர் இளங்கோவனின் தோளில் பொன்னாடை ஒட்டிக்கொண்டது ஓர் ஆசிரியர் தினத்தன்று, காலை பதினொன்றேகால் மணிக்கு. அன்று மழை இல்லை. தண்ணீர் லாரி நேரத்துக்கு வந்திருந்தது. பட்டறையில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒன்பது பேர், பொன்னாடை ஒன்று. ஒருவருக்குப் போர்த்தி, போட்டோ எடுத்து, கையோடு கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெயரைப் படிப்பது இளங்கோவனின் நான்கு வருட வழக்கம். பட்டுக்குப் பேர்போன ஊரில் அது பாலியஸ்டர் என்பதை ஒன்பது பேரும் விரலால் தடவி அறிந்திருந்தார்கள். ஊர் மானம் கருதி யாரும் வெளியே சொன்னதில்லை.

ஆறாவதாக வந்தவர் அன்னம்மாள். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு வந்து பதினோரு பெண்களுக்கு ஃபேன் காயில் கட்டச் சொல்லிக்கொடுப்பவர். இளங்கோவன் மைக்கில், "அடுத்து நம்ம டைலரிங் மேடம்" என்றார். அன்னம்மாள் திருத்தவில்லை. போர்த்திக்கொண்டார், போட்டோவுக்குச் சிரித்தார், திருப்பிக் கொடுத்தார். பொன்னாடை இளங்கோவனின் தோளுக்குப் போனது, அப்புறம் வரவில்லை. ஏழாமவர் கைகூப்பியபடி கால் மணி நேரம் நின்றார். சிறப்பு விருந்தினர் இழுத்ததில் செயலாளர்தான் நகர்ந்தார். வெட்டியெடுக்கப் பார்த்த கத்தரிக்கோலின் வாய் மடங்கியது. டவுன் பஸ்ஸில் வயதானவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். "என்னா சார் சாதிச்சீங்க?" என்று கண்டக்டர் மரியாதையாகக் கேட்க, இளங்கோவன் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். மனைவி கிருஷ்ணவேணி அதைத் தோளிலேயே வைத்து இஸ்திரி போடப் பழகிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அன்னம்மாள் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. பாதி கட்டிய காயில்களோடு பதினோரு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். டைலரிங் என்றதற்கான மன்னிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு இளங்கோவன் கடைக்குப் போனார்.

"ஷால் கேட்டனா சார் நானு?" என்றார் அன்னம்மாள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு வருசமா வந்துக்கினு இருக்கறேன். ஒரு நாளாவது இந்தம்மா என்னா சொல்லிக் குடுக்குதுன்னு எட்டிப் பாத்தீங்களா?"

தாள் மடிந்து சட்டைப்பைக்குள் போனது. "இல்லம்மா" என்றார் இளங்கோவன். "இனிமே வந்து பாக்கறேன்."

"பாத்தா பத்தாது. உக்காந்து கட்டணும்."

மறு சனிக்கிழமை அன்னம்மாள் வந்தார். பன்னிரண்டாவது ஆளாகக் கடைசி பெஞ்சில் இளங்கோவன் உட்கார்ந்தார். அவர் கட்டிய முதல் ஃபேன் புகைந்தது. இரண்டாவது எதிர்த்திசையில் சுற்றிக் காற்றைக் கூரைக்கு அனுப்பியது. காயிலில் பூசிய வார்னிஷ் படிந்த கையைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டார். மற்ற எட்டு வகுப்புகளிலும் உட்கார்ந்து எழுந்ததில் வருடம் ஓடிவிட்டது. அடுத்த ஆசிரியர் தினத்தில், தாளில்லாமல் எட்டுப் பேரைப் பற்றிப் பேசியவர், அன்னம்மாளின் முறை வந்ததும் "அடுத்து நம்ம" என்று தொடங்கி, தோளிலிருந்த வார்னிஷ் கறையைத் தடவினார். அன்னம்மாள் எழுந்து மைக்கை வாங்கினார். "இவரு இளங்கோவன். ஃபேன் காயில் கட்டுவாரு. இன்னும் சுமார்தான். ஆனா வாரம் தவறாம வராரு."

எல்லோரும் கைதட்டினார்கள். இளங்கோவன் காது சூடேறத் தரையைப் பார்த்தார். பொன்னாடை அசையவில்லை, அவரும் இழுத்துப் பார்க்கவில்லை. இப்போது ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கிருஷ்ணவேணி திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடுகிறார், வார்னிஷ் கறையை மட்டும் விட்டுவிட்டு.