மூன்றாம் வரியில் ஒரு நிறுத்தம்

"பிப்ரவரி 9. ஒரு சின்னத் தவறு. வகுப்புக்கு வராத சட்டாம்பிள்ளைக்கு நான் குழல் வாசித்த பதிவை அனுப்பினேன். அனுப்புமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்கவில்லை. பாட்டின் மூன்றாம் வரியில் நான் நிற்கிற நிறுத்தமும் சேர்ந்து போய்விட்டது."

தவறுகளைக் குறிக்கும் நோட்டில் எழுதிவிட்டுக் கீழே கோடும் போட்டாள். கோடு போடாமல் அவளுக்கு எதுவும் முடியாது.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் புல்லாங்குழல் வகுப்பு. அண்ணன் வீட்டில் கைக்குழந்தை. குழலைத் தொட்டாலே அண்ணி, "எழுப்பிவிட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிடுவ, தாலாட்டு நான்ல பாடணும்!" என்பாள். அதனால் மதிய இடைவேளையில் கடையின் பின்னறையில், ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே வாசிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். அது கடகடத்தால் நிறுத்துவாள். கதவு மூடியதும் தொடர்வாள். அப்படி எங்கெங்கோ நின்றதில், மூன்றாம் வரியின் நடுவில் நின்றபோது மட்டும் அடுத்த சுரம் அப்போதுதான் பிறந்தது போலக் கேட்டது. பிறகு லிஃப்ட் வராத நாளிலும் அங்கே நின்றாள். 'மூன்றாம் வரி, மறுபடி நின்றேன்' என்று ஏழு மாதமாகத் தவறுப் பட்டியலில் குறித்தும் வந்தாள். விட மனசில்லை.

மூன்று நாள் கழித்து, ஆண்டுவிழாவில் தனியாக வாசிக்க ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டாம்பிள்ளை முதலில் வாசித்தான். மூன்றாம் வரியில் நின்றான். மாஸ்டர் தொடையைத் தட்டினார்.

"இதான்யா சொந்தக் குரல்!"

அடுத்து அவள். அதே இடத்தில் நின்றாள்.

"என்னம்மா, அவனைப் பார்த்துக் காப்பியா?"

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. "என் பதிவைக் கேட்டுத்தான் சார் அவர் வாசிச்சாரு!"

"ஏன், அந்த இடத்தை எழுதி வாங்கிட்டியா?" என்றான் சட்டாம்பிள்ளை. வகுப்பே சிரித்தது.

"அங்க எதுக்கு நின்னீங்க, சொல்லுங்க பார்ப்போம்," என்றாள் அவனிடம்.

"எதுக்கா? ஒரு ஃபீல்தான்."

"நான் லிஃப்ட்டுக்காக நின்னேன்."

"அப்போ விழாவுக்கு லிஃப்ட்டையே கூப்பிட்டுடலாம்," என்றார் மாஸ்டர். இன்னும் பெரிய சிரிப்பு. வாய்ப்பு அவனுக்கே போனது.

நன்றி சொல்லும் சாக்கில் அவன் இன்னொரு தடவை வாசித்தான். அவள் அவன் காலையே பார்த்தாள். நிறுத்தத்தில் கட்டைவிரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டியது. திருடியதைக்கூட எண்ணித்தான் வாசிக்கிறான்! அவள் ஒருநாளும் அங்கே எண்ணியதில்லை. மூச்சு போதும் என்றபோது கிளம்புவாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். 'மறுபடி நின்றேன்' நாற்பத்தொரு இடத்தில், தேதியோடு இருந்தது. இவ்வளவு நாள் தன்னையே திட்டிக்கொண்ட நாற்பத்தொரு வரிகள். வந்த கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"பிப்ரவரி 12. அனுப்பியது தவறு. நின்றது தவறு இல்லை.

நாளைக்கு: மதியம் மூன்றாம் வரி, இருபது தடவை, எண்ணாமல். மாலை வகுப்புக்குக் கால் மணி முன்பே போய், இந்த நோட்டை மாஸ்டர் மேசையில் விரித்து வைக்க வேண்டும்."