மனுவின் ஐந்தாவது வரி

1

வெள்ளைத்துரைக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. செங்கல் சுமந்த தோள். இந்தக் கதை அந்த வலியில்தான் பிறந்தது என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும், பொய். இது பிறந்தது ஒரு மனுவில். மனுவை எழுதியவனும் அவன்தான், கதையை எழுதுகிறவனும் அவன்தான். ‘நான்’ என்று தொடங்கினால் எனக்கு நானே வக்காலத்து வாங்குவேன். அதனால் ‘அவன்’.

2

முதல் தொடக்கம்: ‘வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நிலா மிதந்த...’

(அடித்துவிட்டேன். நடந்ததற்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை.)

மறுபடி: முப்பத்தாறாம் வருஷம், வண்டியூர்ப் பக்கம் கூலியாட்கள் குடியிருந்த வரிசைக்கு எதிரே, சித்தம் கலங்கியவர்களைப் பூட்டி வைக்க ஒரு கட்டடம் எழும்பியது. வரிசைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சுற்றுச்சுவரைக் கட்டியவர்கள் அவர்கள்தான், கூலி வந்ததே. மொக்கைச்சாமி கொத்தனார். வெள்ளைத்துரை செங்கல் தூக்கினான்.

சாரத்துக்கு மூங்கில் சொருகிய துளைகளை வேலை முடிந்ததும் அடைப்பார்கள். பின்னால் வெள்ளையடிக்க ஆகுமென்று ஒன்றிரண்டை விட்டுவைப்பது மொக்கைச்சாமியின் வழக்கம். அதில் ஒன்று ஆள் உயரத்தில், வரிசையில் குடியிருந்த செல்லத்தாய் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது.

நோயாளிகள் வந்த இரண்டாம் வாரம் அந்தத் துளை வழியே ஒரு கை வெளியே வந்தது.

3

கை சுருளியுடையது. உசிலம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன். (ஏன் கலங்கினான்? மூன்று காரணம் எழுதி மூன்றையும் கிழித்தேன். அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது.)

“அண்ணே, ஒரு துண்டு பொகையில இருக்கா?”

“உள்ள குடுக்க மாட்டாகளா?”

“குடுத்தா பைத்தியம் தெளிஞ்சிரும்ல.”

வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிள்ளிக் கொடுத்தான். பிறகு தினமும் வேலைக்குப் போகிற வழியில் கொடுத்தான். ஒரு நாள் சுருளி சொன்னான்: “ஆடி பொறந்ததும் என்னைய விட்டுருவாகளாம்ணே. டாக்டரு எழுதிட்டாரு. போயி எங்காத்தாளப் பாக்கணும்.”

4

செல்லத்தாய்க்கு வேறு கவலை. மகள் முத்துத்தாயைப் பெண் பார்க்க அழகர்கோவில் பக்கமிருந்து வருவதாக இருந்தார்கள்.

“வந்து நிக்கிற நேரம் செவுத்துல இருந்து கை நீளுது. எவன் பொண்ணெடுப்பான்? அடைச்சு விடுண்ணே.”

“ஓவர்சியர் உத்தரவில்லாம ஒரு கல்லு வைக்க மாட்டேன்” என்றான் மொக்கைச்சாமி. “அதையும் அடைச்சுட்டா, வெள்ளையடிக்க நான் பறந்தா போறது?”

ஆகவே மனு. வரிசையில் எழுத்துத் தெரிந்தவன் வெள்ளைத்துரை ஒருவன்தான். ஐந்தாவது வரியில் ‘துளை வழியே கையை நீட்டுகிறான்’ என்று எழுதி வாசித்துக் காட்டினான்.

“நீட்டுறானா? அதுக்கு எந்த அதிகாரி தம்பி வருவான்?”

“உள்ளது அம்புட்டுத்தானக்கா.”

“பொம்பளப் புள்ள கையப் பிடிச்சான்னு போடு. ஓடி வருவாக.”

இந்த இடத்தில் அவன் தயங்கியதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவன் தயங்கவில்லை. ‘பிடித்தான்’ என்று எழுதிவிட்டு, ‘இழுத்தான்’ என்பதை அவனாகவே சேர்த்தான். ‘கையைப் பிடித்து இழுத்தான்’ என்றதும் வரிக்கு ஒரு ஓட்டம் வந்தது. அதில் அவனுக்குச் சின்ன சந்தோஷம்கூட.

பதினேழு பேர் கைநாட்டு வைத்தார்கள். எழுதத் தெரிந்தவனும் கைநாட்டுத்தான் வைத்தான்.

5

மூன்றாம் நாளே உத்தரவு வந்தது. மொக்கைச்சாமி அடைத்தான், சாந்து எடுத்துக் கொடுத்தவன் வெள்ளைத்துரை. கடைசிக் கல் வைக்குமுன் உள்ளிருந்து குரல்: “அண்ணே, பொகையில?”

“வாரேன்” என்றான்.

ஆடி பிறந்தது. வாசல் காவல்காரனிடம் சுருளியைப் பற்றி விசாரித்தான். “அவன எங்கிட்டு விடுறது? பொம்பளையப் பிடிச்சு இழுத்தான்னு மனு வந்திருக்குல்ல. உள்கொட்டடில போட்டாச்சு. வெயிலு கூடப் படாது.”

அழகர்கோவில் பக்கத்துக்காரர்களும் வரவில்லை. “பைத்தியக்காரன் கையப் பிடிச்ச புள்ளையாமில்ல” என்று சொல்லி அனுப்பினார்கள். மனுவில் எந்தப் பெண் என்று பெயர் இல்லை. துளைக்கு எதிர்வீட்டில் இருந்த குமரிப்பெண் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு செல்லத்தாய் அவனைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டாள். முத்துத்தாய் சாத்தவில்லை. நின்று பார்த்தாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

6

முடிவு ஒன்று: வெள்ளைத்துரை அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறான். (நடக்கவில்லை. போனால் பதினேழு பேரும் மாட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டான். பயம் அவனுக்குத்தான்.)

முடிவு இரண்டு: உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து சுருளி இறங்க, அவன் ஆத்தாள்...

(நிறுத்திவிட்டேன். இந்த வரியும் நன்றாக ஓடுகிறது.)

ஆறு வருஷமாகிறது. சுருளி உள்ளேதான் இருக்கிறான் என்று காவல்காரன் சொல்கிறான். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் அந்த ஒரு சாண் இடம் மட்டும் நிறம் ஒட்டாமல் தெரிகிறது.

கதையின் முடிவை, வாசிக்கிற நீங்கள் இஷ்டம்போல வைத்துக்கொள்ளுங்கள். சுருளிக்குத் தர வேண்டியதை உங்கள் தலையில் கட்ட முடியாது. ‘சுருளி யார் கையையும் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி, அதிகாரி பேருக்கு, கீழே என் கையெழுத்தோடு. அதை நான் இன்னும் கொடுக்கவில்லை.