மூன்றாம் மாடியின் தாடி

பேராசிரியர் ராக்னர் சிலேன் தாடியை மழித்த திங்கட்கிழமையிலிருந்து கரிம வேதியியல் துறையின் மூன்றாம் மாடியில் எதுவும் படிகமாகவில்லை. குளிர்பெட்டியில் வைத்த குடுவைகளில் எண்ணெய் எண்ணெயாகவே கிடந்தது. காபி அறையில் சர்க்கரைக்கட்டிகள் பாகாகி டப்பாவின் அடியில் தேங்கின, உப்பு ஒழுகியது. ஆறே உறைந்து அதன்மேல் ஆட்கள் சறுக்கிப் போன பிப்ரவரியிலும் அந்த மாடி ஜன்னல்களில் மட்டும் உறைபனி பூக்கவில்லை. கட்டடப் பராமரிப்பு அலுவலகம் ஈரப்பதம் என்று முடிவுசெய்து இரண்டு விசிறிகளை அனுப்பிவைத்தது.

அவர் தாடியை எடுத்தது துறைத்தலைவர் ஆனதற்காக. சுவரில் மாட்டும் படத்தில் முகம் தெரியவேண்டும் என்றார்கள், அவரும் தலையாட்டினார். முப்பது ஆண்டுகள் குடுவைகளின்மேல் குனிந்து நின்ற தாடி அது. கட்டிப்படாமல் அடம்பிடிக்கும் எண்ணெயில் ஒரு துகள் விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் படிகமாகும். அந்தத் துகள் கிழட்டு வேதியியலாளர்களின் தாடியில் இருக்கிறது என்பது எல்லா ஊர் ஆய்வகங்களிலும் சொல்லும் வேடிக்கை. ராக்னர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் குடுவைக்குள் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோலத்தான் அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் ஆறாம் ஆண்டு ஆய்வு மாணவி தில்டா. கடற்பஞ்சில் இருக்கும் ஒரு நஞ்சை அவள் ஆய்வகத்தில் படிப்படியாகக் கட்டி எழுப்பியிருந்தாள். ஒவ்வொரு படியிலும் பாதி வீணாகி, மிஞ்சியது குடுவையின் அடியில் ஒரு மஞ்சள் பிசுக்கு. அது அவள் நினைத்த பொருள்தான் என்று நிரூபிக்க, எக்ஸ்ரேயில் வைத்துப் பார்க்க ஒரே ஒரு படிகம் வேண்டும். படிகம் இல்லையென்றால் பட்டம் இல்லை. அடுத்த வசந்தத்தோடு உதவித்தொகையும் நின்றுவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு வீங்கியது. அழக்கூட அவளுக்குச் சலிப்பாக இருந்தது.

பக்கத்து மேசையில் வேலைபார்த்த பின்லாந்துக்காரன் யூக்காதான் வாயைத் திறந்தான். "உன் படிகமெல்லாம் அவர் வீட்டு வாஷ்பேசின் வழியாப் போயிடுச்சு தில்டா. போய்க் கேளு." அவள் அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள் தலைவர் அறைக்குப் போய்க் கேட்டாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாயே, இது வெளியே தெரிந்தால் நம் துறை சிரிப்பாய்ச் சிரிக்கும் என்றார் ராக்னர்.

"நானும் நம்பலை ராக்னர். ஆனா வேற எதுவும் மிச்சமில்லை. களைச்சுப் போயிட்டேன்."

அவர் மழித்த மோவாயைத் தடவிக்கொண்டார். "வளர்க்கறேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

தாடி வளர்வதை யாரிடமும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அது நெஞ்சைத் தொட்டது. ராக்னர் தினமும் வந்து குடுவைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "அது ஆபீஸ் தாடி" என்றான் யூக்கா. "மீட்டிங் வாசனைதான் அடிக்குது. அதுல துகள் எங்கிருந்து வரும்?" கதவருகே நின்ற ராக்னருக்கு அது கேட்டுவிட்டது. புத்தாண்டு கழிந்ததும் தலைவர் வேலையைத் துணைத்தலைவரிடம் தள்ளிவிட்டு, அமிலம் தின்ற பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தில்டாவின் பக்கத்தில் வந்து நின்றார். விரல்கள் மறந்திருந்தன, முதல் வாரம் நிறைய உடைத்தார். பிறகு அவளுடைய வேலையை முதல் படியிலிருந்து அவரும் செய்யத் தொடங்கினார். வெள்ளைத் தூளும் மஞ்சள் தூளும் தாடியில் படிந்தன, அவர் தட்டிவிடவில்லை. இருமினார், நின்றபடியே கண்ணயர்ந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று தில்டா சொல்லும்போதெல்லாம், இந்தப் படி முடியட்டும் என்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் ஒரு பிற்பகல், மற்றவர்கள் காபிக்குப் போயிருந்த நேரம், அவர் முக்காலியை இழுத்துப் போட்டார். "கொஞ்சம் உட்கார்றேன் தில்டா. நீ சுரண்டு." தாடி குடுவையின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்க, அவள் சுரண்டினாள். பிசுக்கில் ஒரு ஊசி எழுந்தது, அதன்மேல் இன்னொன்று. ஜன்னல்கள் சட்டென்று பூத்தன. காபி அறையில் சர்க்கரை டப்பா கடகடத்தது. குளிர்பெட்டிகளுக்குள் பழைய எண்ணெய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிப்படும் சத்தம் கேட்டது. சொல்லத் திரும்பினாள். ராக்னரும் தாடி நுனியிலிருந்து செருப்புவரை படிகமாகியிருந்தார், வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வந்தது. முகத்தில் களைப்பு இல்லை.

மருத்துவர் வந்து காதை வைத்துக் கேட்டார். இறப்பு என்று எழுத மனம் வராமல் முழு ஓய்வு என்று எழுதிவிட்டுப் போனார். எக்ஸ்ரே, தில்டா நினைத்தது சரிதான் என்றது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு முன் ஆய்வேட்டைச் சுவர்ப்பலகையில் ஆணியடித்து மாட்டவேண்டும். மாடி அதிர அடிப்பதுதான் வழக்கம், பேராசிரியர் பக்கத்தில் இருக்கவேண்டும். யூக்காவும் மற்றவர்களும் ராக்னரை முக்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள். அவர் விரிசல் விட்டுவிடுவாரோ என்று பயந்து தில்டா மெல்ல மெல்லத் தட்டினாள். தட்டத் தட்ட அழுதாள். ஆணி கோணலாகத்தான் இறங்கியது, இன்றும் அப்படியே இருக்கிறது.

தாடியில்லாத படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டிப்படாத எண்ணெயோடு வருகிறவர்கள் குடுவையை ராக்னர் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று மணிக்கு அவர் பக்கத்தில் ஒரு கோப்பை காபி வைக்கப்படும். அதில் கரைத்த சர்க்கரை மாலைக்குள் அடியில் மறுபடி கட்டியாகிவிடும். அன்று கோப்பை கழுவுவது யார் முறையோ, அவருக்குத்தான் அந்தக் கட்டி.